மாஸ்கோவின் அரவணைப்பில் மங்கோலியா

மாணவர்களே, ஆசியாக் கண்டத்தின் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ருஷ்யா, தெற்கே சீனா. இவ்விரண்டையன்றி வேறோர் அண்டை நாடும் இல்லாமல், கடலையும் காணாமல் நடுவே கிடக்கிறது மங்கோலியா. பரப்பளவில் நம் இந்தியாவில் ஏறக்குறைய பாதி. மக்கள் தொகையோ இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழு லட்சத்துக்கும் குறைவு. இத்தகைய நாடு தனித்து வாழ விரும்பினால் எவருடைய தோளையேனும் பற்றித்தான் ஆக வேண்டும். அவ்வாறு பற்றிய தோள் எழுபது ஆண்டுக்காலம் அதனை எங்கெங்கு இட்டுச் சென்றது என்பதே இப்பேச்சின் பொருள்.

1911இல் சீனத்தின் மஞ்சு அரசு ஆட்டங்கண்டபோது மங்கோலியர் தம்மைத் தனி நாட்டினரென அறிவித்துக் கொண்டனர். 1919இல் சீனப் படை மீண்டும் புகுந்தது. அதனை விரட்டிவிட்டு 1921இல் உங்கெர்ன் என்னும் ருஷ்யப் பிரபு தலைநகரைக் கைப்பற்றினான். போல்ஷ்விக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையைச் சேர்ந்த இவன், கொடுமைக்குப் பெயர் பெற்றவன். இந்த இரட்டைத் துன்பத்திலிருந்து மீள, சுகே பாதர் முதலிய இளைஞர்கள் லெனினுடைய அரசிடம் உதவி கோரினர். அவ்வாண்டு ஜூலையில் மங்கோலியத் தொண்டர் படையும் செஞ்சேனையும் ஒருங்கே தலைநகருள் நுழைந்தன. மதத் தலைவராகவும் மன்னராகவும் விளங்கிய பொக்தோ கான் 1924இல் மறையும்வரை பெயரளவில் அரியணையில் வைக்கப்பட்டிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் மக்கள் குடியரசு நிறுவப்பட்டது. உர்கா என்ற தலைநகரம் 'செவ்வீரன்' எனப் பொருள்படும் உலான் பாதர் ஆயிற்று.

அழைத்துத்தான் வந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விருந்தினர் வீட்டுச் சாவிக்கொத்தைக் கேட்கத் தொடங்கியபோது என்ன நேர்ந்தது?

1932இல் பிரதமரான கெண்டன், லாமாக்களை ஒழித்துக் கட்டும்படி ஸ்டாலின் வற்புறுத்தியதற்கு உடன்படத் தயங்கினார். 1936 மார்ச்சில் அவர் பதவி பறிபோயிற்று. பின்னர்ச் சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1937 நவம்பர் 26இல் மாஸ்கோவில் சுடப்பட்டார். நாளைக் கவனியுங்கள், குடியரசு பிறந்த அதே நாள்! அவருக்குப்பின் வந்த அமரும் 1941இல் அவ்வாறே மாஸ்கோவில் மாண்டார். ஒரு நாட்டின் பிரதமர் இருவர் அயல்நாட்டுத் தலைநகரில் கொல்லப்படுவதெனில், அந்நாட்டின் இறைமைக்கு என்ன பொருள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1937 ஆகஸ்டில் சோவியத் உள்துறை அதிகாரி பிரினோவ்ஸ்கி நேரில் வந்தார். அதன்பின், சொய்பல்சான் கையில் அதிகாரம் குவிந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் 20,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் லாமாக்கள். எழுநூறுக்கு மேற்பட்ட மடாலயங்கள் பாழாயின. வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் துறவுக்கு அனுப்பிப் பழகிய சமுதாயத்தில், இழப்பு எட்டாத கூடாரம் அரிதாகவே இருந்திருக்கும்.

இவ்வளவும் கூறியபின் மற்றொரு பக்கத்தையும் கூறாவிடில் அது வரலாறாகாது. 1939 கோடையில் கால்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படையை முறியடித்தவர் சோவியத் தளபதி ஷூக்கோவ். அவர் வந்திராவிடில் கிழக்கு மங்கோலியா ஜப்பானியர் வசமாகியிருக்கலாம். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில், மங்கோலியாவின் நிலை மாறாதிருக்க வேண்டுமென ஸ்டாலின் வற்புறுத்தினார். அதன் விளைவாகவே 1946இல் சீனா அதன் விடுதலையை ஏற்றது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருப்புப்பாதையும் சோவியத் உதவியால் வளர்ந்தன. அண்டையிலிருந்த தூவா நாடோ அத்துணைப் பேறு பெறவில்லை. 1944இல் சோவியத் யூனியனுக்குள்ளேயே கரைந்துவிட்டது. மங்கோலியா கரையவில்லை. எனினும், பிழைத்ததற்குக் கொடுத்த விலை சிறிதன்று.

அவ்விலையுள் ஒன்று எழுத்து. மேலிருந்து கீழாக, கொடி படர்வதுபோல் எழுதப்படும் பழைய மங்கோலிய எழுத்து எழுநூறு ஆண்டுப் பழமையுடையது. 1941 பிப்ரவரியில் அதனை நீக்கி லத்தீன் எழுத்தைக் கொள்ள முடிவு செய்தார்கள். அடுத்த மாதமே அம்முடிவு மாறிற்று. ருஷ்ய எழுத்தே உகந்தது என்றனர். ருஷ்ய எழுத்துகள் 33; மங்கோலிய ஒலிக்கென இரண்டு கூட்டி 35. 1946 முதல் அதுவே அரசாங்க எழுத்து. எழுத்தறிவு விரைந்து பரவியது உண்மை. பேரன் படிக்கக் கற்றான்; ஆனால் பாட்டன் எழுதிவைத்ததை அவனால் படிக்க இயலவில்லை. வாழ்நாளெல்லாம் அரிச்சுவடி கற்பித்த எனக்கு, இது மடாலயங்களின் இடிபாட்டினும் குறைந்த இழப்பாகத் தோன்றவில்லை.

நினைவின்மீதும் காவல் இருந்தது. 1962இல் செங்கிஸ்கான் பிறந்து 800 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட முற்பட்டு, தபால் தலை வெளியிட்டு, நினைவுக்கல்லும் நாட்டினர். மாஸ்கோ முகம் சுளித்தது. ருஷ்யர் நெஞ்சில் அப்பெயர் எழுப்புவது மங்கோலியர் தம்மை அடக்கியாண்ட நினைவையன்றோ! விழாவுக்கு ஆதரவளித்த தோமோர் ஒச்சிர் என்னும் தலைவர் கட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மாஸ்கோவுக்கு மிக இணக்கமாய் நடந்த செதென்பாலுக்கும் முடிவு அங்கிருந்தே வந்தது. 1984 ஆகஸ்டில் அவர் மாஸ்கோவில் இருக்கும்போதே, உடல்நலக் குறைவு காரணமாக விலக்கப்பட்டாரென அறிவிப்பு வெளியாயிற்று.

1989 டிசம்பர்க் குளிரில் இளைஞர்கள் உலான் பாதர் வீதிகளில் திரண்டனர். 1990 மார்ச்சில் கட்சித் தலைமை துப்பாக்கிச் சூடின்றிப் பதவி விலகியது. ஜூலையில் பல கட்சித் தேர்தல் நடந்தது. 1992இல் கடைசி ருஷ்யப் போர்வீரர்களும் வெளியேறினர்.

அகற்றப்பட்ட எழுத்து மட்டும் அத்துணை விரைவில் திரும்பவில்லை. 2015இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அரசாங்க ஏடுகள் ருஷ்ய எழுத்தோடு பழைய எழுத்திலும் எழுதப்பட வேண்டும். நடுவயது அலுவலர்கள் தம் தாய்மொழியின் எழுத்தைப் புதிதாகப் பயில வேண்டியவராயினர்.