சிறுவாடு யாருடைய பணம்?

பெண்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்க்கும் பணத்துக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: சிறுவாடு. ஆண் சேர்த்தால் அது சேமிப்பு; பெண் சேர்த்தால் அதற்கு முன்னால் ஒரு ‘சிறு’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். கடுகு டப்பா, அரிசிப் பானை, பீரோவில் பழைய பட்டுச்சேலையின் மடிப்பு, சாமி படத்தின் பின்பக்கம் என்று ஆளுக்கொரு இடத்தைச் சொல்கிறார்கள். ஒளித்து வைக்கப்படும் பணம் அது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

சிறுவாடு எப்படிச் சேர்கிறது என்பதை எந்தப் பொருளாதாரப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சமையற்கட்டில்தான் கற்றுக்கொண்டேன். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது விலை இறங்கியிருக்கும். அப்போதே ஒரு வருடத்துக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்து, கல்லுப்பு சேர்த்துப் பானையில் அடைத்துவிடுவார் அம்மா. ஆனால் மாதாமாதம் அப்பாவிடம் கொடுக்கும் மளிகைச் சீட்டில் புளி தவறாமல் இடம்பெறும். அந்தக் காசு அம்மாவிடமே தங்கிவிடும். வற்றல் மிளகாயிலும் இதே கணக்குதான். சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போனால் கத்தரிக்காய்க் கூறு பாதி விலைக்குக் கிடைக்கும். காலை விலைக்கும் மாலை விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சுருக்குப்பைக்குள் போகும். பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போடுவது, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசி தூக்குவாளியோடு ஒரு கரண்டியையும் சேர்த்து வாங்குவது, தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவது. இதற்கெல்லாம் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துப் பாராட்டுவார்கள். வேலை என்று சொல்ல மாட்டார்கள். கொட்டை எடுத்த விரல்களின் வலிக்கு யாரும் கூலி போட்டதில்லை.

வணிகர்கள் இந்தச் சில்லறையைக் குடும்பத்தைவிட முன்னதாகவே கவனித்துவிட்டார்கள். பெரிய பாட்டிலில் விற்கும் பொருளைச் சிறு பாக்கெட்டில் அடைத்தால் சாதாரண ஜனங்கள் வாங்குவார்கள் என்று கடலூர் சின்னி கிருஷ்ணன் கண்டுகொண்டார். அவருடைய மகன்களின் காலத்தில் வெல்வெட், சிக் ஷாம்புகள் வந்தன. 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக், காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் புதியது ஒன்று இலவசம் என்று அறிவித்துக் கிராமங்களைப் பிடித்தது. இதை ஒரு தொழில்முனைவோரின் வெற்றிக் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் செலவழிக்கக்கூடிய தொகை எவ்வளவோ, அந்த அளவுக்கு வெட்டப்பட்டதுதான் அந்தப் பாக்கெட். (பல ஷாம்புகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு என்பதைப் பின்பக்கத்து மில்லி கணக்கை வகுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். விடுதி மாணவிகள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.)

சேர்த்த பணம் யாருடையது? சட்டத்திடம் கேட்டால் நீண்ட காலம் ஒரே பதில்தான் வந்தது. ஸ்திரீதனத்துக்கு விரிவாக இலக்கணம் சொன்ன காத்யாயனர், கைவேலை செய்து ஒரு பெண் ஈட்டியதும் அந்நியர் அன்போடு தந்ததும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை என்றார். பரிசாக வந்த நகை அவளுடையதாக இருக்கலாம், உழைத்து வந்த காசு ஆகாது! 1874-இல் வந்த திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று சொன்னது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அது பொருந்தாது என்று இரண்டாம் பிரிவிலேயே கதவைச் சாத்திவிட்டது. இந்துப் பெண் தன் உழைப்பில் பெற்ற சொத்துக்கு முழு உரிமையாளர் என்று ஐயமின்றி எழுத 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இங்கே மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1943-இல் இங்கிலாந்தில் பிளாக்வெல் வழக்கு நடந்தது. கணவனைப் பிரிந்த ஒரு பெண் கூட்டுறவுச் சங்கத்தில் 103 பவுண்டு போட்டு வைத்திருந்தார். அது வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அது கணவனின் பணம் என்று தீர்ப்பளித்தது. போர்க்காலம், உணவுக்குப் பங்கீட்டு முறை. அந்தத் தட்டுப்பாட்டிலும் குடும்பத்தை நடத்தி மிச்சம் பிடித்த திறமைக்குக் கிடைத்த மரியாதை அது. எடித் சம்மர்ஸ்கில் என்ற மருத்துவர், பெண்ணியவாதி, தொழிற்கட்சி அரசியலாளர், இந்த அநீதியை எதிர்த்துப் போராடி 1964-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதிலும் மனைவிக்குப் பாதிதான் கிடைத்தது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நம் வீடுகளில் கடுகு டப்பாக்கள் கவிழ்ந்தன. டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்ட வேண்டும். கணக்கே இல்லாத பெண்கள் கணவரிடமோ மகனிடமோ பணத்தை நீட்ட வேண்டியதாயிற்று. எவ்வளவு என்று சொல்ல வேண்டியதாயிற்று. “இவ்வளவு வச்சிருந்தியா?” என்ற கேள்வியில் வியப்பும் இருந்தது, வழக்கும் இருந்தது. கொடுத்த பணம் முழுதாகத் திரும்பிய வீடுகளும் உண்டு. ‘அவசரச் செலவுக்கு’ எடுத்துக்கொள்ளப்பட்ட வீடுகளும் உண்டு. கறுப்புப் பணத்தைப் பிடிக்கப் போட்ட வலையில் புளிக்காசும் சிக்கியது. 2.5 லட்சம் வரையிலான சிறு தொகைகளைத் துருவ மாட்டோம் என்று அரசு சொன்ன பிறகும், 2,11,500 ரூபாய் கட்டிய ஓர் இல்லத்தரசியிடம் வருமான வரித்துறை கணக்குக் கேட்டது. ஆக்ரா தீர்ப்பாயம் 2021-இல்தான் அவர் பக்கம் நின்றது. குடும்பத்துக்காகப் பெண்கள் செய்யும் வேலையை அந்தத் தீர்ப்பு பேசியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பெண்ணின் சிறுவாடு எங்கிருந்து வந்தது என்று நீதிமொழியில் எழுதப்பட்ட அரிய பக்கங்கள் அவை.

இந்தச் சிறுவாட்டைப் பெண்கள் தாங்களாகவே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த வரலாறும் நமக்கு உண்டு. 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, கந்துவட்டியில் சிக்கியிருந்த கூடைக்காரப் பெண்களுக்குக் கடன் பெற்றுத் தந்தது. 1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் முளைத்தன. ஒளித்து வைத்த காசு, பேரேட்டில் பெயர் போட்டு எழுதப்படும் காசாயிற்று. அதன்பின் குழுக்கடனைக் கணவருக்காக வாங்கிவிட்டுத் தவணையைத் தாமே கட்டித் தவிக்கும் பெண்கள் தனிக்கதை.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. அதற்கு ‘உரிமைத்தொகை’ என்று பெயர். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது பெரிய விஷயம்தான். பணம் வந்ததும் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. வங்கியில் கொடுத்திருக்கும் எண் யாருடையது என்று மாணவிகளிடம் கேட்டேன். அப்பாவுடையது, அண்ணனுடையது என்று பல கைகள் உயர்ந்தன. ஒரு மாணவி மட்டும், தன் அம்மா போன மாதம் வங்கிக்குத் தனியாகப் போய் எண்ணை மாற்றிவிட்டு வந்தார் என்றாள். புது எண் யாருடையது என்று கேட்டேன். அவளுடையதுதானாம்.