நூறு புள்ளி எடுத்தவருக்கு ஒன்பது ஓட்டு

1962 மார்ச் 2. பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி ஊரின் அரங்கில் 4,124 பேர் கூடியிருந்தார்கள். பிலடெல்பியா வாரியர்ஸும் நியூயார்க் நிக்ஸும் மோதிய அந்தக் கூடைப்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. அன்றுதான் வில்ட் சேம்பர்லைன் தனியாளாக 100 புள்ளி எடுத்தார். கடைசிக் கட்டத்தில் அவர் கைக்குப் பந்து போகக் கூடாதென்று நிக்ஸ் ஆட்கள் மற்ற வாரியர்ஸ் வீரர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். பந்தைச் சீக்கிரம் திரும்பப் பெற வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுலில் இறங்கியது. ஃப்ரீ த்ரோ என்றாலே தடுமாறும் சேம்பர்லைன் அன்று 32-க்கு 28 போட்டார். ஆட்டம் முடிந்ததும் வாரியர்ஸின் விளம்பர அதிகாரி ஹார்வி பொல்லாக் ஒரு தாளில் ‘100’ என்று எழுதி அவரிடம் நீட்ட, அதைப் பிடித்தபடி எடுத்த படம் உலகம் சுற்றியது.

சீசன் முழுக்கவே அவர் அப்படித்தான் ஆடினார். 80 ஆட்டங்களில் 4,029 புள்ளி, சராசரி 50.4. 48 நிமிட ஆட்டத்தில் அவர் களத்தில் நின்ற சராசரி நேரம் 48.5 நிமிடம்! கூடுதல் நேர ஆட்டங்களும் சேர்ந்ததால் வந்த விநோதக் கணக்கு இது. நடுவரோடு மல்லுக்கட்டி வெளியேற்றப்பட்ட ஓர் ஆட்டத்தில்தான் எட்டு நிமிடம் சொச்சம் உட்கார்ந்தார்.

மதிப்புமிக்க வீரர் விருது யாருக்குப் போனது? பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸலுக்கு. அவர் சராசரி 18.9 புள்ளி. முதலிடத்துக்கு விழுந்த 85 ஓட்டுகளில் ரஸலுக்கு 51, சேம்பர்லைனுக்கு வெறும் 9.

ஓட்டுப் போட்டவர்கள் பத்திரிகையாளர்கள் அல்ல, சக வீரர்கள். 1980 வரை அதுதான் வழக்கம். ரஸலின் கைக்கு எதிரே பந்தை எறிந்து பார்த்தவர்கள் அவர்கள். பலர் பிளாக் செய்யும்போது பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துக் கைதட்டல் வாங்குவார்கள். ரஸல் அதைத் தன் ஆள் பக்கம் தட்டிவிடுவார், மறு நொடியே பாஸ்டன் எதிர்ப்புறக் கூடைக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு அன்றைய ஸ்கோர் அட்டையில் இடமே கிடையாது. என்.பி.ஏ. பிளாக்குகளை எண்ணத் தொடங்கியது 1973-74 சீசனில். ரஸல் ஓய்வுபெற்றது 1969-ல். ஆனால் வெற்றிக் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பாஸ்டனுக்கு 60, பிலடெல்பியாவுக்கு 49. ஒரே சீசனில் 60 வெற்றியை எட்டிய முதல் அணி அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஐவர் அணியில் சென்டர் இடம் சேம்பர்லைனுக்குப் போனது. ரஸல் இரண்டாம் அணியில்!

இந்தச் சண்டையில் நசுங்கிப்போனவர் சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன். 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் என்று மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி. அதுவரை யாரும் செய்யாதது. முதலிட ஓட்டில் 13 பெற்று சேம்பர்லைனை முந்தியும், மொத்தப் புள்ளியில் மூன்றாவதானார். 2017-ல் ரஸல் வெஸ்ட்புரூக் அதே மாதிரி ஒரு சராசரியோடு வந்தபோது, பத்திரிகையாளர்கள் விருதையே தூக்கிக் கொடுத்தார்கள்.

ரஸலுக்கு விழுந்த 51 ஓட்டில் எனக்கு வழக்கில்லை. பக்கத்தில் பாப் கூசி, சாம் ஜோன்ஸ் என்று பெரும் படையே இருந்ததே என்பார்கள். இருந்தது; ஆனால் அவர்கள் அத்தனை பேரும் பின்பக்கக் கவலையில்லாமல் முன்னால் ஓடியது ரஸலை நம்பித்தான். சேம்பர்லைனுக்கு வெறும் 9 என்பதில்தான், அவர் கையால் அடிபட்டவர்களின் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

அந்த ஏப்ரலில் இருவரும் பிளே-ஆஃபில் மோதினார்கள். ஏழாவது ஆட்டத்தில் சேம்பர்லைன் எடுத்தது 22 புள்ளிதான். கடைசி இரண்டு நொடி மீதமிருக்கையில் சாம் ஜோன்ஸ் போட்ட பந்தில் பாஸ்டன் 109-107 என்று தப்பியது.

ஐந்தாண்டு கழித்து சேம்பர்லைன் தன் சராசரியைப் பாதிக்கும் கீழே, 24.1-க்கு இறக்கிக்கொண்டு, பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்து ஆடினார். அந்த முறை விருதும் கிடைத்தது, பாஸ்டனும் வீழ்ந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)