புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிர்வு (உயர்த்திய ஜீப்புகளில்)

நான்கு சக்கர இயக்க வண்டிகளின் சஸ்பென்ஷனை உயர்த்தியபின், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) அச்சுக்கும் நடுவே சுழலும் தண்டில் தோன்றும் நடுக்கமே புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிர்வு எனப்படும். 1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ராங்லர் டிஜே இதற்குப் பேர்போன வண்டி. அதன் வழக்கமான வகையின் வீல்பேஸ் 93.4 அங்குலமே. எஞ்சினும் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இடம் பிடித்ததுபோக, பின் தண்டுக்கு மிஞ்சும் நீளம் மிகக் குறைவு. 4 அங்குலம் உயர்த்தினாலே தண்டின் சரிவு அளவு மீறிவிடுகிறது.

அதிர்வின் பிறப்பிடம் தண்டின் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட். அதன் மறுபெயரான கார்டன் ஜாயிண்ட் என்பது இத்தாலிய அறிஞர் ஜெரோலமோ கார்டானோவின் (1501–1576) நினைவாக வழங்குகிறது. ஆனால் கார்டானோ எழுதியது வளையத்துக்குள் வளையமாகப் பொருளைத் தாங்கும் அமைப்பைப் பற்றி. அதைச் சுழற்சியைக் கடத்தும் இணைப்பாக ஆராய்ந்து விளக்கியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். வானியல் கருவிகளுக்காக 1670களில் இதை உருவாக்கிய ஹூக், அதன் குறையையும் உடனே கண்டுகொண்டார். ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், அதனுடன் கோணத்தில் இணைந்த மறுதண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். இந்த ஏற்றத்தாழ்வு சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகள் விழும் இடைவெளிக் கணக்கோடு பொருந்துவதை அவர் கவனித்தார். இரண்டு இணைப்புகளை முறையாகச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நேர்செய்யும் என்பதும் அவர் சொன்னதே. இன்றைய ஜீப் பட்டறையில் செய்யப்படும் வேலை முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பில் அடங்கிவிடுகிறது.

மோட்டார் வாகனத்தில் இதை நிலைநாட்டியவர் அமெரிக்கர் கிளாரன்ஸ் ஸ்பைசர். சங்கிலியால் சக்கரத்தை ஓட்டிய காலத்தில், 1903இல் தம் இணைப்புக்குக் காப்புரிமை பெற்று, மறு ஆண்டே நியூ ஜெர்சியில் உற்பத்தியைத் தொடங்கினார். அந்த நிறுவனமே 1946இல் டானா என்று பெயர் மாறியது. டிஜே ராங்லரின் அச்சுகளும் டானா அச்சுகளே.

இணைப்பின் கோணம் 10 பாகையானால் வேக மாறுபாடு இருபக்கமும் 1.5 விழுக்காடு, 20 பாகையில் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். 31 அங்குல டயரும் 3.73 அச்சு விகிதமும் உள்ள வண்டி 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 முறை சுழலும்; உதறல் அதைப்போல் இரு மடங்கு எண்ணிக்கையில் எழும். டயர் சமநிலைக் கோளாறு தரும் ஆட்டத்தைவிட இது மிக விரைவானது. ஸ்டியரிங்கைவிட இருக்கையிலும் தரையிலும் தெளிவாகத் தெரியும்.

இரு முனையிலும் ஒற்றை இணைப்புள்ள தண்டானால், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிவரும் தண்டும் அச்சின் பினியனும் (தண்டின் சுழற்சியை அச்சுக்குள் வாங்கும் பல்சக்கரம்) ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். தண்டின் இரு முனை யோக்குகளும் (இணைப்பைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் பொருந்தவேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸை ஓர் அங்குலம் தாழ்த்தும் துண்டுகள் மலிவானவை, ஆனால் உயர்த்திப் பெற்ற தரை இடைவெளியில் ஒரு பகுதியை அவை பறித்துவிடும். முறையான தீர்வு, டிரான்ஸ்ஃபர் கேஸின் நழுவும் யோக்கை நீக்கி, வெளித்தண்டைக் குட்டையாக்கி, நிலையான யோக் பொருத்துவது. அப்போது நீளமான தண்டுக்கு இடம் கிடைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரு இணைப்புகளை அடுத்தடுத்துச் சேர்த்த இரட்டைக் கார்டன் இணைப்பை வைக்கலாம். டிஜேயின் ரூபிகான் வகையில் நிலையான யோக் ஆலையிலிருந்தே வந்தது.

இரட்டை இணைப்பு பொருத்தியபின் பழைய இணை விதி செல்லாது. பினியன் தண்டையே நோக்கவேண்டும். மேல் கன்ட்ரோல் ஆர்மின் நீளத்தை மாற்றி இதைச் சரிசெய்வர். முடுக்கும்போது பினியன் மூக்கு மேலெழும் என்பதால், நிற்கும் நிலையில் 1 முதல் 2 பாகை தாழ்த்தி வைப்பது வழக்கம். ஜாக்கியில் தூக்கி அளந்தால் கணக்குத் தவறும். வண்டி தன் சக்கரங்களில், சமதரையில் நிற்கையில் கோணமானியை யோக்கின் முகத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முன் அச்சில் சிக்கல் வேறு. பினியனை உயர்த்தத் திருப்பினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திருப்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் நிலைகொள்ளாது. இங்கே காஸ்டருக்கே முதலிடம்.

எந்தத் தண்டு குற்றவாளி என்பதை அறிய, முன் தண்டைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும். கோணத்தைத் தொடுமுன், இணைப்பின் நடுவே உள்ள தேய்ந்த கிராஸ், நசுங்கிய குழல், உதிர்ந்த சமநிலை எடை ஆகியவற்றையும் பார்த்துவிடவேண்டும்.

2007இல் வந்த ராங்லர் ஜேகே வகையில் சுழற்சி வேகத்தை மாறாமல் கடத்தும் ரெஸெப்பா இணைப்புத் தண்டுகள் இடம்பெற்றன. உயர்த்திய வண்டிகளில் அவற்றின் ரப்பர் உறை கிழிவதால், பலர் மீண்டும் இரட்டைக் கார்டன் தண்டுக்கே மாறுகின்றனர்.