சேணம் கழன்ற குதிரையும் ஒரு ரேடியோ மெக்கானிக்கும்



போன வாரம் பேரனின் எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியை மீட்டினால் 'கிர்ர்' என்று ஒரு உதறல். கடையில் காட்டினோம். "பிரிட்ஜையே மாத்தணும், மூவாயிரம் ஆகும்" என்றார்கள். கிட்டாரே எட்டாயிரத்துக்கு வாங்கியது. "விட்டுடலாம் தாத்தா" என்றான் பையன். அந்த முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

எனக்கு ஸ்வரம் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்து ரேடியோவைத் திறந்து மூடிய கை இது. இரண்டு நாள் படித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: இந்தக் கருவியை உருவாக்கியவரும் நம்மைப் போல ரேடியோவைத் திறந்து மூடியவர்தான்.

கம்பிகளைத் தாங்கும் பாகத்தை வீணையில் குதிரை என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் அதைச் 'சின்னக் குதிரை' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பாலம்; ஆனால் பாலத்தின் மேல் கம்பி உட்காரும் துண்டுக்குப் பெயர் 'சேடில்', அதாவது சேணம்! குதிரை நம்மிடம், சேணம் அவர்களிடம்.

தஞ்சாவூர் வீணையின் குதிரையில் திருகாணி கிடையாது. மரக்குதிரை, அதன் மேல் உலோகத் தகடு. தகட்டின் வளைவை அரத்தால் ராவித்தான் நாதத்தைச் சீர் செய்ய வேண்டும். அது கைப்பழக்கம் உள்ள ஆசாரியின் வேலை. நானும் நீங்களும் தொடக்கூடாது.

கிட்டார் கதை வேறு. அமெரிக்காவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தைக்கூட ஒட்டவில்லை, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டு என்கிற மெக்கானிக் புத்தி! அதில் ஆறு கம்பிகளுக்கு மூன்றே சேணங்கள். ஒரு கம்பியைச் சரி செய்தால் பக்கத்துக் கம்பி கெடும். 1954இல் வந்த 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கம்பிக்கு ஒரு சேணம் கொடுத்தது. பேரனிடம் இருப்பது அதன் நகல்தான்.

அதே காலத்தில் கிப்சன் கம்பெனியில் டெட் மெக்கார்ட்டி வேறொரு பிரிட்ஜ் செய்தார். அதில் கம்பி அறுந்தால் சேணம் கழன்று விழுந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்த ஒரு மெல்லிய கம்பியைக் குறுக்கே மாட்டினார்கள். பிறகு அந்தக் கம்பியே உதறத் தொடங்கியது. நம் ஊர் பஸ் ஜன்னலுக்கு அட்டை சொருகுகிற கதை!

ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கின்றன. தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது, மெல்லியது 330 முறை. திருகாணி தளராமல் என்ன செய்யும்?

எங்கள் கிட்டாரில் இரண்டு கோளாறுகள் இருந்தன. சேணத்தின் உயரத்தை வைக்கும் குட்டித் திருகாணி ஒன்று லூசாக இருந்தது. இதற்கு 1.5 மில்லிமீட்டர் அலென் கீ பொருந்தியது. அமெரிக்காவில் செய்தவற்றுக்கு அங்குல அளவு வேண்டும். மாற்றிப் போட்டால் திருகாணியின் பள்ளம் தேய்ந்து போகும். உயரத்தைச் சரியாக வைத்து, மருமகளிடம் நிறமில்லாத நெயில் பாலிஷ் வாங்கி ஒரு சொட்டு விட்டேன்.

இரண்டாவது, பிரிட்ஜைக் கட்டையோடு பிடிக்கும் ஆறு ஸ்குரூக்களில் ஒன்று சும்மா சுற்றியது. துளை தேய்ந்துவிட்டது. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளையும் விடுவித்தோம். உள்ளே ஒரு எர்த் ஒயர் இருக்கும். அது அறுந்தால் 'ஹம்' சத்தம் அதிகமாகும், கவனம். மூங்கில் குச்சியைச் சீவி, மரப்பசை தடவி, துளையில் இறுக்கி, மட்டமாக வெட்டி ஒரு இரவு காயவிட்டேன். மறுநாள் அதன் நடுவில் சின்னத் துளை போட்டு ஸ்குரூவை ஏற்றினேன். அவசரப்பட்டு அன்றைக்கே முடுக்கியிருந்தால் வேலை வீண்.

கம்பிகளை மாட்டியதும் உதறல் இல்லை. ஆனால் மேலே போகப் போகச் சுருதி சேரவில்லை. பின்பக்கம் ஸ்பிரிங்கோடு இருக்கும் நீள ஸ்குரூவையும் ஆர்வக்கோளாறில் திருகியிருக்கிறேன்! அது சேணத்தை முன்னும் பின்னும் நகர்த்துவது. இதை எழுதும்போது பேரன் போனில் டியூனர் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சரி செய்துகொண்டிருக்கிறான். என்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான்.