சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் கல்லூரித் தமிழ்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் பெரும்பாலும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படித்து வரும் மாணவர்க்கு எழுத்துத் தமிழையும் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் கல்லூரி, பல்கலைக்கழக நிலையில் கற்பிக்கும் முயற்சிகள் இத்தலைப்பில் அடங்கும். சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், திருப்பதி, காளத்தி ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில் சிற்றூர் என ஒன்று உண்டு. அங்குள்ள அரசு கல்லூரியிலும் தமிழ்த்துறை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

கருத்தும் பெயரும்

தாய்மொழியாகப் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது என்ற நிலையில் உள்ளவர்க்குத் தனிப் பாடமுறை வேண்டும் என்ற எண்ணம் உலக அளவில் முதலில் வலுப்பெற்றது அமெரிக்காவின் ஸ்பானிய மொழி வகுப்புகளில். வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த மெக்சிக்க, புவேர்ட்டோ ரிக்க வம்சாவளிப் பிள்ளைகளை அம்மொழியே தெரியாதவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பது பயனற்றது என்பதை 1970களிலேயே அந்நாட்டு ஸ்பானிய ஆசிரியர்கள் எழுத்தில் வைத்தனர். பின்னாளில் குவாடலூப்பே வால்டெஸ் இப்பாடத்துக்கு நான்கு நோக்கங்களை வகுத்தார்: மொழியை இழக்காமல் காத்தல், அதன் பயன்பாட்டுப் பரப்பை விரித்தல், மதிப்புப் பெற்ற நடையைக் கைக்கொள்ளுதல், வேறு மொழியில் பெற்ற எழுத்தறிவைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளுதல். நான்காவது நோக்கம் சித்தூர்ப் பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. அங்கே கலிபோர்னியப் பிள்ளை ஆங்கில எழுத்தோடு வந்தான். இங்கே நகரிப் பிள்ளை தெலுங்கு எழுத்தோடு வருகிறாள்.

தமிழில் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு பெரிது. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தியக் கிரியோல் ஆகியவற்றையே சான்றாக எடுத்தார். தமிழுக்கு அதில் கிடைத்தது போகிற போக்கில் ஒரு குறிப்புதான். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வீட்டுப் பேச்சையே வகுப்பின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்ற திசையில் நகர்ந்தது. சித்தூர்ப் பகுதியில் அத்தகைய தனிப் பாடமுறை உருவாகவில்லை. இங்குத் தமிழ் ஒன்று இரண்டாம் மொழிப் பாடமாக இருந்தது, அல்லது முழு இலக்கியப் பட்டமாக இருந்தது.

முற்காலம்

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. திருமலைக் கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, பெரும்பான்மையும் தமிழில் அமைந்தவை. கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் அவற்றை 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்னும் பல்லவ அரசியின் கல்வெட்டை ஏழாம் நூற்றாண்டினது என்று சொல்வாரும் பத்தாம் நூற்றாண்டினது என்று சொல்வாரும் உளர். பின்னதற்கே ஆய்வாளர் ஆதரவு மிகுதி.

வைணவ மரபில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் வாய்மொழியாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வைணவர்களும் அதை ஓதினர். அவர்களுக்காகப் பிரபந்தமும் அதன் உரைகளும் தெலுங்கு எழுத்திலேயே அச்சாயின. தமிழைத் தெலுங்கு எழுத்தில் படிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் கோயிலிலேயே வேர்விட்டிருந்தது என்பது, பிற்காலக் கல்லூரி வகுப்பறையை நினைப்பவர்க்குச் சுவையான செய்தி. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டின் தலைநகர் வேலூருக்குப் போயிற்று. திருப்பதியில் தேவஸ்தானம் 1945இல் கலைக்கல்லூரி ஒன்றைத் தொடங்கியது.

வடக்கெல்லைப் போராட்டமும் தமிழ் வகுப்புகளும், 1946–1960

இக்காலத்தைப் பற்றிய எழுத்துகள் ஏராளம். ம. பொ. சிவஞானம் 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கி, சித்தூர் மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு வைத்துக்கொள்ளவேண்டும் என்று போராடினார். திருமாலின் குன்றான திருப்பதி போனாலும் முருகனின் குன்றான திருத்தணியாவது வேண்டும் என்ற பொருளில் எழுந்த முழக்கம் இன்றும் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அடுத்து, 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. மாவட்டத்தின் எந்த வட்டத்தில் எந்த மொழியினர் மிகுதி என்பதில் இரு தரப்பும் ஒரே மக்கள்தொகைக் கணக்கை வெவ்வேறாகப் படித்தன. இரு மொழியும் சரளமாகப் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் கணக்கெடுப்பவரிடம் எந்த மொழியைச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து எண்கள் மாறின என்பது பரவலான கருத்து.

போராட்டத்தின் மறுபக்கம் வகுப்பறை. குருவராயப்பேட்டையைச் சேர்ந்த தமிழாசிரியர் மங்கலங்கிழார், தமிழ் பேசியும் தமிழ் எழுதத் தெரியாதிருந்த எல்லைப்புறத்து மக்களுக்கு எழுத்தும் இலக்கணமும் கற்பித்தவராக நினைவுகூரப்படுகிறார். ம. பொ. சி. அவரைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கிறார். பேச்சுமொழிக்காரரை எழுத்துமொழிக்குக் கொண்டுவரும் பணி இவ்வட்டாரத்தில் பல்கலைக்கழகத்துக்கு முன்பே கிராமத்துத் திண்ணையில் நடந்திருக்கிறது என்பதற்கு அவர் பெயர் சான்று.

எல்லைச் சிக்கலில் எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். அவர் பரிந்துரையின் வழியே 1959இல் நாடாளுமன்றம் சட்டமியற்ற, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாற்றாகச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேட்டுப் பகுதிக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. அதுவரை தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த சத்தியவேட்டுப் பிள்ளைகள் ஒரே இரவில் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். இந்தப் பக்கம், திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்த பள்ளிப்பட்டுத் தெலுங்கர்க்கும் அதுவே நேர்ந்தது. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து திருத்தணியில் பள்ளிப் படிப்பைத் தொடங்கிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த காலத்திலேயே அவருடைய திருத்தணி மாநிலம் மாறியது.

மொழிச் சிறுபான்மையர்க்கு அரசியலமைப்பு 1956இல் சேர்த்துக்கொண்ட 350அ பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. கல்லூரியில் தமிழ் இருப்பதும் இல்லாததும் சேர வரும் மாணவர் தலைகளைப் பொறுத்தது. இக்கட்டுரையில் வரும் ஏற்ற இறக்கம் பலவற்றுக்கு இதுவே காரணம்.

திருவேங்கடவன் பல்கலைக்கழகம்

ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் 1954இல் திருப்பதியில் நிறுவப்பட்டது. முதல் துணைவேந்தர் எஸ். கோவிந்தராஜுலு நாயுடு. தமிழ்த்துறையின் வரலாற்றில் நன்கு பதிவான காலம் 1960 முதல் 1977 வரை, அதாவது ந. சுப்பு ரெட்டியார் (1916–2006) அங்குப் பணியாற்றிய காலம். அவர் தம் வாழ்க்கையை ‘நினைவுக் குமிழிகள்’ என்ற பெயரில் பல தொகுதிகளாக எழுதி வைத்தார். ஆகவே அப்பதினேழு ஆண்டுகள் நூல்களில் பெரிதாகத் தெரிகின்றன.

திருச்சிப் பக்கத்தில் பிறந்த அவர் அறிவியல் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர். துறையூரில் தலைமையாசிரியராகவும், காரைக்குடி அழகப்பர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்துவிட்டுத் திருப்பதி வந்தார். திருப்பதிக்கு வருமுன்பே ‘தமிழ் பயிற்றும் முறை’ என்ற விரிவான நூலை எழுதியிருந்தார். தமிழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லும் அந்நூலை எழுதியவர், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் வாழும் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

அவருடைய ஆராய்ச்சி மலையைச் சுற்றியே அமைந்தது. நம்மாழ்வாரை முதன்மையாகக் கொண்டு திவ்வியப் பிரபந்தத்தின் சமயத்தையும் தத்துவத்தையும் ஆராய்ந்த அவருடைய ஆங்கில நூலைப் பல்கலைக்கழகமே 1977இல் வெளியிட்டது. ஆழ்வார்கள் பாடிய திருத்தலங்களைத் தொண்டை நாடு, மலைநாடு, பாண்டி நாடு, வடநாடு என வரிசையாக எழுதினார். அதே கையால் அணுவைப் பற்றியும் ராக்கெட்டுகளைப் பற்றியும் சந்திரப் பயணத்தைப் பற்றியும் எழுதினார். ஏழுமலையான் அடிவாரத்தில் உட்கார்ந்து தமிழில் ராக்கெட்டைப் பற்றி எழுதிய ஒரு பேராசிரியரைக் கலைக்களஞ்சியம் தொகுப்பவர் கடந்துபோவது கடினம்.

அவருக்குப் பின்னும் துறை தொடர்ந்தது.

வகுப்பறைச் சிக்கல்கள்

தெலுங்கு எழுத்தில் கல்வி தொடங்கிய தமிழ் மாணவர்க்கு எழுத்துத் தமிழ் எங்கே இடறுகிறது என்பதை மொழியமைப்பைக் கொண்டே சொல்லலாம்.

முதலாவது எழுத்து. தெலுங்கில் ககர வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள், தமிழில் ஒன்று. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்ற மூன்றிலும் ஒரே எழுத்து மூன்று விதமாய் ஒலிக்கிறது. புதிதாகத் தமிழ் கற்கும் வெளியார்க்கு இதற்கு விதி சொல்லவேண்டும். வீட்டில் தமிழ் பேசுபவர்க்கு விதி வேண்டாம், காதே திருத்திவிடும். ஆனால் காதில் விழுந்தறியாத சங்கச் சொல் வரும்போது அந்தத் துணை கைவிடுகிறது.

இரண்டாவது, ழகரமும் றகரமும். இன்றைய தெலுங்கு எழுத்து வரிசையில் ழகரம் இல்லை. பழைய தெலுங்கில் இருந்து வழக்கொழிந்தது. றகரத்துக்கு இணையான பழைய எழுத்தை இன்று அரிதாகவே காணலாம். தமிழில் ழகரம் வரும் பல சொற்களில் தெலுங்கில் டகரம் நிற்கிறது: ஏழு அங்கே ஏடு, கோழி அங்கே கோடி. தமிழ்க் காதுக்கு முன்னது ஓலைச்சுவடி, பின்னது நூறு லட்சம். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் இதை வைத்து விளையாடுவதுண்டு.

மூன்றாவது சந்தி. தமிழில் ‘அந்த’ என்பதன்முன் ‘பையன்’ வந்தால் வல்லினம் மிகுந்து ‘அந்தப் பையன்’ ஆகிறது. இலக்கணத் தெலுங்கில் எழுவாய்ச் சொல்லை அடுத்து வரும் வல்லெழுத்து மிகாமல் மெலிந்து ஒலிக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் தெலுங்கு கற்பித்த பரவஸ்து சின்னய சூரி 1858இல் வெளியான தம் ‘பால வியாகரணத்தில்’ இதை நூற்பாவாக்கினார். ஒரு மொழி அழுத்தும் இடத்தில் மற்றது தளர்த்துகிறது. இரண்டையும் பள்ளியில் படித்தவர் கட்டுரை எழுதும்போது ஒற்று விடுபடுவதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

பேச்சுத் தமிழில் கலந்த தெலுங்குச் சொற்களைக் கல்லூரியில் பிழையாகக் கொள்வதா வட்டார வழக்காகக் கொள்வதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. செந்தமிழ் மரபினர் களையச் சொல்வர். மொழியியலார் பதிவுசெய்யச் சொல்வர். தேர்வுத்தாள் திருத்துபவர் பெரும்பாலும் முன்னவர் பக்கம்.

குப்பம்

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் மூலையில் உள்ள குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கியது. கர்நாடக, கேரள, தமிழக அரசுகளும் இதற்குத் துணைநின்றன. மொழியியலறிஞர் வ. ஐ. சுப்பிரமணியத்தின் முயற்சி இதில் பெரும்பங்கு வகித்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. இங்குத் தமிழ், மொழிபெயர்ப்புக் கல்வியோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகிறது. இரண்டு மொழி தெரிந்திருப்பதைக் குறையாக எண்ணாமல் முதலாக எண்ணும் ஏற்பாடு இது.

அண்மைக்காலம்

ஆந்திர இடைநிலைக் கல்வி வாரியத்தின் இரண்டாம் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. எனினும் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று சமஸ்கிருதத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தெலுங்கு மாணவர்களையே தெலுங்கிலிருந்து இழுப்பதாகச் சொல்லப்படுகிறது. தமிழ் அதற்கு விலக்காக இருக்க வழியில்லை. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தெலுங்குச் சிறுபான்மையர்க்கு எதிர்த்திசையில் இதேபோன்ற கேள்விகளை எழுப்பியது. ஆந்திர அரசு 2019இல் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றப் பிறப்பித்த ஆணைகளை 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

2022 ஏப்ரல் 4இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. சத்தியவேடும் புத்தூரும் காளத்தியும் புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்கின. நகரியும் குப்பமும் சித்தூரில் நின்றன. தமிழ்த்துறை உள்ள இரண்டு பல்கலைக்கழகங்களும் இப்போது மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ளன.