தாது வருஷமும் கண்ணாடித் தட்டுகளும்

உடுமலைக்குத் தென்கிழக்கே, பழனி மலைகளின் மேல், 2,343 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிற்கிறது. அது பிறக்கக் காரணம் பஞ்சம். 1876–78 தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவையும் வாட்டி எடுத்தது. சூரியப் புள்ளிகளுக்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்புண்டு என்று 1877இல் வானியலாளர் நார்மன் லாக்யரும் புள்ளியியல் அதிகாரி ஹன்டரும் எழுதினார்கள். சூரியனை நாள்தோறும் கவனிக்கும் ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்து, 1899இல் வானியலாளர் மிச்சி ஸ்மித் பொறுப்பில் ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் வெள்ளொளியிலும், 1907 முதல் கால்சியம் ஒளியிலும் (கால்சியத்துக்கே உரிய நிறத்தை மட்டும் பிரித்தெடுத்த ஒளி) சூரியன் புகைப்படக் கண்ணாடித் தட்டுகளில் பதிவானது. பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் ஆசை கைகூடவில்லை. அதனால் அந்த உழைப்பு வீண் என்பாருண்டு. நான் அதை ஏற்கவில்லை. துருவங்களின் வழியே பூமி தன் காற்றை எவ்வளவு இழக்கிறது என்ற கேள்விக்கு அந்தத் தட்டுகள் இன்று தேவைப்படுகின்றன.

மற்ற இடங்களில் வளைந்து பூமிக்கே திரும்பும் காந்தக் கோடுகள், துருவங்களில் விண்வெளியை நோக்கித் திறந்திருக்கின்றன. ஹைட்ரஜன் அயனி இலகு; அவ்வழியே எளிதில் நழுவிவிடும். ஆக்சிஜன் அதைவிட 16 மடங்கு கனம். உந்தித் தள்ள ஆற்றல் வேண்டும். சூரியன் உக்கிரமாகும் ஆண்டுகளில் புறஊதாக் கதிர் மேல்வளியைச் சூடேற்றி உப்பச் செய்கிறது, ஆக்சிஜன் அயனிகளைப் பெருக்கி உயரத்துக்கு ஏற்றுகிறது. 1981இல் ஏவப்பட்ட டைனமிக்ஸ் எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோள் அளந்தபோது, சூரியன் அடங்கிய காலத்தைவிட உக்கிர காலத்தில் ஆக்சிஜன் வெளியேற்றம் சுமார் ஐந்து மடங்கு இருந்தது. ஹைட்ரஜனில் அத்தகைய ஏற்றம் இல்லை. ஆனால் செயற்கைக்கோள் கண்டது சில ஆண்டுகளை மட்டுமே. கால்சியம் ஒளியில் பளிச்சிடும் திட்டுகளோ புறஊதாக் கதிர் மிகும் இடங்கள். ஆகவே செயற்கைக்கோளுக்கு முந்தைய பல பத்தாண்டுகளின் கதிரளவை அத்தட்டுகளிலிருந்து கணிக்க வழியிருக்கிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய மலைக்கும் துருவத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். கொடைக்கானல் அளந்தது விளைவையல்ல, காரணத்தை. சூரியனைப் பார்க்கத் துருவத்துக்குப் போக வேண்டியதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு காந்தப் புயல்களைப் பற்றியது. புயல் நாளில் ஆக்சிஜன் வெளியேற்றம் பன்மடங்காகும். அந்த ஒரு நாளின் கணக்கைக் கால்சியம் தட்டு சொல்லாது. ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் புயல் வாரியெடுக்க மேலே எவ்வளவு ஆக்சிஜன் காத்திருக்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது புறஊதாக் கதிர்தான். தட்டுகள் காலத்துக்குக் காலம் தரம் மாறியவை என்பதும் உண்மை. எண்மமாக்கிய படங்களை ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒளியளவைச் சீராக்கி, அதன் பிறகே கணக்கில் எடுக்கிறார்கள்.