மாமர நிழலில் ஒரு மரக்கறித் தோட்டம்

2010இல் முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பியபோது எங்கள் வளவில் வீட்டின் அத்திவாரமும், கிணறும், அப்பா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரமும்தான் மிஞ்சியிருந்தன. அப்பா திரும்பவில்லை. தோட்டத்துக்கு வெயில் வேண்டும், மரத்தைத் தறியுங்கள் என்று அயலவர்கள் சொன்னார்கள். அம்மா விடவில்லை. ஆகவே நிழலோடு பயிர் செய்யப் பழகினோம். இதே நிலையில் உள்ளவர்களுக்காக நான் கற்றதை எழுதுகிறேன்.

வெயிலை அளத்தல்

காலை எட்டு மணி, நண்பகல், பின்னேரம் நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் நிழலின் விளிம்பில் தடி ஊன்றி அடையாளமிடுங்கள். நிழல் பருவத்தோடு மாறும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகல் நிழல் வடக்கே நீளும். ஆனியில் அது சற்றுத் தெற்கே விழும். எனவே மாரிப் பயிருக்கு மரத்தின் தென்புறமே நல்லது.

எதை எங்கே நடுவது

கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். முதல் வருடம் இது தெரியாமல் மரத்தடியில் கத்தரி நட்டேன். செடி நெடுத்து மெலிந்தது, பூக்கள் கொட்டின, காய் இல்லை.

மூன்று, நான்கு மணித்தியாலக் காலை வெயில் கிடைக்கும் இடத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, பசளி நன்றாக வரும். இலைக்காக வளர்ப்பவை குறைந்த வெயிலையும் தாங்கும். கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் பக்கம் வல்லாரைக்கு ஏற்றது.

கிளைகளினூடே வெயில் சிதறி விழும் இடத்தில் இஞ்சி, மஞ்சள், கரணை, சேம்பு நடலாம். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது எங்கள் வீட்டுக்கு அந்த மரத்தடி மஞ்சளே போதுமாக இருந்தது.

வேரும் ஈரமும்

நிழலைவிட மரத்தின் வேரே பெரிய போட்டி. அது தண்ணீரையும் பசளையையும் இழுத்துவிடும். ஆழமாகக் கொத்தி வேரை அறுக்காமல், பழைய உரப்பைகளில் மண், மாட்டெரு, உக்கிய இலை கலந்து நிரப்பி அவற்றில் நடுங்கள். நிழலில் ஈரம் மெதுவாகவே காயும். மாலையில் தண்ணீர் விட்டால் இலை அழுகும், நத்தையும் சேரும். காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை

மண்ணைக் கொத்தும்போது அறியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடவோ தட்டவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

இப்போது அம்மா காலையில் வல்லாரை பிடுங்கிச் சம்பல் அரைக்கிறார். மாம்பழக் காலத்தில் முதல் பழத்தை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம்.